சென்று வரப்பட்டது

பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்கள் உலகத்தில் பல ரகம். காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொள்பவர் ஒரு ரகம். "அது என் சீட் இல்லை, அடுத்த சீட்" என்று கையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர் ஒரு ரகம். கோப்பின் மேல் கோப்பை வைத்து, அதன் மேல் மதியச் சாப்பாட்டையும் வைத்து, விவகாரத்தை மூச்சு முட்ட அமுக்கிவிடுகிறவர் இன்னொரு ரகம். இவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள். இவர்களைப் பற்றி எழுதி உங்கள் பொழுதை வீணாக்க மாட்டேன். இன்று நான் கையைப் பிடித்து இழுத்து வந்து உங்கள் முன் நிறுத்தப் போகிறவர் அந்தக் குலத்துக்கே திலகம். அலுவலகத்துக்கு நேரத்துக்கு வருவார். ஒரு காகிதத்தைக்கூடத் தேங்க விடமாட்டார். கை நீட்டிக் காசு வாங்கமாட்டார், சொன்னால் நம்புங்கள். போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் முகம் சுளிக்காமல் போவார். போய், எதையும் பார்க்காமல் திரும்பி வருவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். நகராட்சியில் தீப் பாதுகாப்பு ஆய்வாளர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, தீப்பிடித்தால் ஜனங்கள் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்காகத்தான் மாதாமாதம் சம்பளம். அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பாக்கலை சார்'. எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதில்தான் வரும் என்பதால் வந்த பெயர். அவருக்கும் அந்தப் பெயரில் வருத்தம் கிடையாது.

இந்த ஞானம் அவருக்குப் பிறவியிலேயே வந்துவிடவில்லை. பல வருஷங்களுக்கு முன் நகராட்சி வக்கீல் ஒரு கூட்டம் போட்டு ஊழியர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். "ஓர் ஊரில் ஆய்வாளர் கட்டடத்தைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், அது எரிந்துவிட்டது. 'பார்த்தாய் அல்லவா? பார்த்தும் கோட்டை விட்டாய் அல்லவா?' என்று கேட்டு, நகராட்சி தலையில் நஷ்ட ஈட்டைக் கட்டிவிட்டது கோர்ட்டு. இன்னோர் ஊரில் ஆய்வுக்கு யாருமே போகவில்லை. அங்கேயும் எரிந்தது. நகராட்சியை ஒருவரும் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை" என்றார். கூட்டத்தில் மற்றவர்களெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நம்மவர் மட்டும் கண்ணைக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆகவே, பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள்" என்று வக்கீல் பேச்சை முடித்தார். ஆனால் பாருங்கள், அந்தக் கடைசி வாக்கியத்துக்குச் சற்று முன்னால் டீ வந்துவிட்டது. நம்மவர் டீ எடுக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். பார்த்தால் பொறுப்பு, பார்க்காவிட்டால் பொறுப்பில்லை என்ற முக்கால் சட்டம் மனத்தில் ஆணியடித்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் போகாமல் இருந்தால் ஆணையர் விடமாட்டாரே! போய்ப் பார்த்தாலோ கோர்ட்டு விடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதா என்று யோசித்தார். இருந்தது. போவது; பார்க்காமல் வருவது.

நீங்கள் நினைப்பதுபோல இது சுலபமான காரியமில்லை. கட்டடத்துக்குள் நடந்துகொண்டே கட்டடத்தைப் பார்க்காமல் இருந்து பாருங்கள், தெரியும். அவர் அதற்கென்றே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தார். கட்டடத்தின் சொந்தக்காரரை முன்னே நடக்க விடுவார். தான் பின்னே நடப்பார். கண் இரண்டையும் சொந்தக்காரரின் பிடரியில் ஊன்றிவிடுவார். ஏறும்போதும் பிடரி, இறங்கும்போதும் பிடரி. தலைக்கு மேலே தொங்கும் மின்கம்பி, ஈரத் துணி காயப்போட்டிருக்கும் தீயணைப்புக் குழாய், துருவேறிப் பூட்டும் கதவும் ஒன்றாகிப்போன அவசர வழி, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் சிவப்பு சிலிண்டர், எதுவும் அவர் கண்ணில் படாது. ஆனால் ஊரில் யாருக்குப் பிடரியில் மச்சம், யார் முடிவெட்டிக்கொள்ளச் சோம்பல்படுகிறார், யார் பெண்டாட்டிக்குத் தெரியாமல் சாயம் பூசுகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. திரும்பி வந்து ஒரே ஒரு வரி எழுதுவார்: 'மேற்படி கட்டடத்துக்குச் சென்று வரப்பட்டது.' இதில் ஏதாவது பொய் உண்டா? சென்றது உண்மை. வந்தது உண்மை. யார் சென்றார் என்பதே அதில் இல்லை, கவனித்தீர்களா?

வீட்டிலும் இதே விரதம்தான். மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கோங்க, மாடியில துணிய எடுத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றால், உடனே அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, அந்த அம்மாள் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டால், "நான் பாக்கவே இல்லையே!" என்பார் பச்சைக் குழந்தை முகத்தோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போது பொங்கினால் அது பார்த்தவன் தப்பு. பார்க்காதபோது பொங்கினால் அது பாலின் சுபாவம்.

இப்படியே ஓய்வு பெற்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நடுவில் மெத்தைக்கடை வந்து கெடுத்தது.

நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் கட்டடம் அது. கீழே மெத்தைக்கடை. நடுவில் மெத்தைக் கிடங்கு. மேல்மாடியில் வாடகைக்கு ஒரு தையல் பள்ளி. மத்தியானங்களில் பெண்கள் வந்து தையல் மிஷின்களைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டடமும் கடையும் மெத்தைக்காரருடையது. மனிதர் நல்ல வாட்டசாட்டம். பிடரியும் அகலமாக, மடிப்பு மடிப்பாக, பார்ப்பதற்கு விஸ்தாரமாக இருக்கும். ஆய்வாளருக்கு ஊரிலேயே ரொம்பப் பிடித்த பிடரி. வருஷாந்தர ஆய்வு என்று போனவர், அதைப் பின்தொடர்ந்து நிம்மதியாக மேல்மாடிவரை ஏறிவிட்டார். அங்கே கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு தையல் டீச்சர் வழிமறித்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க வருவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருக்கேன். இந்தப் பின்படிக்கட்ட ஒரு தடவ பாருங்க சார். கிடங்குல எடம் இல்லன்னு இவரு படி முழுக்க மெத்தைய..."

ஆய்வாளர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கேட்டாலும் பொறுப்புதானே?

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்கம்மா."

"எழுத்துல குடுத்தா படிப்பீங்களா?"

"படிச்சா தெரிஞ்சுடுமேம்மா!"

"அப்ப எதுக்கு சார் இவ்வளவு தூரம் மாடியேறி வந்தீங்க?"

"வரணும்ல?"

மெத்தைக்காரர் சிரித்தார். "டீச்சருக்கு எப்பவுமே படபடப்பு சார். கதவும் இருக்கு, படியும் இருக்கு. நீங்களே கண்ணால பாத்துக்கோங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, ஐயோ, நகர்ந்துகொண்டார்! பிடரி போய்விட்டது. அது இருந்த இடத்தில் பின்படிக்கட்டின் கதவு நேருக்கு நேராக நின்றது. கதவின் இடுக்கில் நீலக்கோடு போட்ட மெத்தை ஒன்றின் மூலை நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து காட்டுகிறேன் பேர்வழி என்று மெத்தைக்காரர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு அவரைத் திருப்பித் தள்ளியது.

"உள்ள என்னமோ மெத்துன்னு..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க!" என்று அலறிவிட்டு ஆய்வாளர் விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். அண்ணாந்தபடியே படியிறங்கினார். மெத்தையை அவர் பார்த்தாரா? பார்த்தார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு எதற்கு வம்பு? அன்று மாலை, சென்று வரப்பட்டது.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் மனைவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நாளைலேருந்து தையல் கத்துக்கப் போறேங்க. உங்க ஆபீசுக்கு எதிர்லயே. அந்த மெத்தைக்கடை மாடி."

ஆய்வாளர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் தெரியும் என்று ஆகிவிடும். தெரியும் என்று ஆகிவிட்டால் அப்புறம் எத்தனை வருஷத்துத் தவம்!

"தையல் உடம்புக்குச் சூடு" என்றார்.

"யாரு சொன்னா?"

"பொதுவா சொல்றதுதான். வேற கிளாஸ் ஒண்ணும் கிடைக்கலையா? தரையோட தரையா?"

"ஏன், அந்தக் கட்டடத்துக்கு என்ன குறை? நேத்து நீங்கதான அங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்க?"

"போயிட்டு வந்தேன்."

"பாத்தீங்கல்ல?"

"போயிட்டு வந்தேன்னு சொல்றேனே!"

கட்டியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அந்த அம்மாள் மறுநாளே சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் மத்தியானங்களில் ஆய்வாளரின் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியிலேயே கண் கிடக்கும். யாராவது உள்ளே வந்தால் மட்டும், வானத்தைப் பார்த்து, "மழை வருமோ?" என்பார். கொளுத்தும் வெயிலில் தினமும் மழையைப் பற்றிக் கேட்கும் மனிதருக்கு என்ன ஆயிற்று என்று சக ஊழியர்கள் தங்களுக்குள் கவலைப்பட்டார்கள்.

வந்தது மழை இல்லை, புகை. ஒரு நாள் மெத்தைக்கடை வாசலில் இருந்த மின்பெட்டி படபடவென்று பொறி கக்கியது. பக்கத்தில் சாய்த்திருந்த மெத்தையில் தீப்பற்றிக்கொண்டது. முன்படிக்கட்டு முழுக்கக் கறுப்பாகப் புகை ஏறியது. மேலே பெண்கள் கூச்சலிட்டார்கள். நகராட்சி அலுவலகமே எழுந்து, வாளியும் கையுமாகக் கடையின் முன்வாசலுக்கு ஓடியது. நம்மவர்? முன்வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்சந்துக்குப் பறந்தார்.

பின்படிக்கட்டின் கீழ்க்கதவில் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. கல்லை எடுத்து அடித்துத் திறந்தார். உள்ளே அடியிலிருந்து உச்சிவரை மெத்தை. அதற்கு மேலே எங்கேயோ இருமலும் அழுகையும். அந்த இருமல்களில் ஒன்று அவர் வீட்டு இருமல். அந்த நேரத்தில் அந்த மனிதர் பட்ட பாட்டை நான் கேலி செய்யப் போவதில்லை. அடி மெத்தையைப் பிடித்து, மனைவியை வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே, உயிரைக் கொடுத்து இழுத்தார்.

அடி மெத்தை உருவிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் நடந்தது இந்த ஊர் காணாத காட்சி. மேலே பெண்கள் தள்ள, கீழே இவர் இழுக்க, படியில் அடுக்கியிருந்த மொத்த மெத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சறுக்கி இறங்கியது. அதன் மேல் உட்கார்ந்து தையல் பள்ளியும் இறங்கியது. அளவு நாடா பறக்கப் பறக்க டீச்சர் முதலில் வந்தார். அடுத்து, ஒற்றைக் கை வைத்துத் தைத்த சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு பெண். பிறகு வரிசையாக மற்றவர்கள். கடைசியாக வந்தவர் சறுக்கிய வேகத்தில் ஆய்வாளரின் வயிற்றின் மேலேயே வந்து இறங்கினார். அது அவர் மனைவி. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மெத்தை அவ்வளவு உசத்தி. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தீயணைப்பு வண்டி வந்து அடித்த தண்ணீரில் தையல் மிஷின்கள் மொத்தமும் பாழ். டீச்சர் விடுவாரா? மெத்தைக்காரர்மேலும் நகராட்சிமேலும் நஷ்ட ஈடு கேட்டுவிட்டார். ஆணையரின் அறையில் விசாரணை வைத்தார்கள். ஆணையர், வக்கீல், மெத்தைக்காரர், டீச்சர், சாட்சி சொல்ல ஆய்வாளரின் மனைவி, நடுவில் நம்மவர்.

"ஆய்வுக்குப் போனபோது பின்படியில் மெத்தை இருந்ததைப் பார்த்தீர்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"பாக்கலை."

"யாராவது சொன்னார்களா?"

"காதுல விழல."

"கதவு திறந்ததா?"

"விட்டத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

மெத்தைக்காரர் துள்ளி எழுந்தார். "என்ன சார் அநியாயம்! என் பின்னாலயே வந்தாரு சார்! எல்லாத்தையும் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமத்தான் போனாரு!"

"பின்னால போனது வாஸ்தவம்" என்றார் ஆய்வாளர் அமைதியாக. "இவரு பிடரியத்தான் பாத்தேன். இடது பக்கம் ஒரு மச்சம். அதுக்குக் கீழ வேர்க்குரு. சட்டைக் காலர் உள்பக்கமா மடிஞ்சிருந்துச்சு."

மெத்தைக்காரரின் கை தானாகப் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டது. ஆணையரின் முகத்தில் தீபம் ஏற்றியதுபோல ஒரு வெளிச்சம். பார்க்கவில்லை, ஆகவே தெரியாது. தெரியாது, ஆகவே பொறுப்பில்லை. நகராட்சி பிழைத்தது. இப்படிப்பட்ட ரத்தினத்தையா இத்தனை நாள் கீழ்ப்பதவியிலேயே வைத்திருந்தோம் என்பதுபோல அவர் வக்கீலைப் பார்க்க, வக்கீல் காகிதங்களைக் கட்ட ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார் மனைவி.

"தாராளமா கேளுங்கம்மா" என்றார் ஆணையர். சந்தோஷத்தில் இருந்தார் பாவம்.

"புகை வந்ததும் உங்க ஆபீசே முன்வாசலுக்குத்தான் ஓடிச்சு. அதுதான நியாயம்? எல்லாரும் அந்தப் படியிலதான ஏறி இறங்குவோம்? இவரு மட்டும் எதுக்கு நேரா பின்சந்துக்கு ஓடி வந்தாரு?"

வக்கீலின் கை கட்டிய நாடாவிலேயே நின்றது. ஆய்வாளர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சும்மாதான் ஓடினேன், கால் போன பக்கம் போனேன் என்று சொன்னால் நகராட்சிக்குச் சேதாரம் இல்லை, வேலைக்கும் சேதாரம் இல்லை. ஆனால் உன்னைக் காப்பாற்ற வரவில்லை, ஏதோ தற்செயல் என்று கட்டினவளிடம் சபையில் சொல்லவேண்டும். அதற்கு நாக்கு எழவில்லை. மேஜைக்கு அடியில் வக்கீல் அவர் காலை மிதித்தார். பலமாகவே மிதித்தார்.

"முன்படியில புகை" என்றார் ஆய்வாளர். "நீ பின்பக்கம்தான் வரமுடியும். அங்க மெத்தைய அடைச்சு வெச்சிருக்காங்க. கீழேருந்து இழுத்தாத்தான் உண்டு. எனக்குத் தெரியும். அதான் ஓடி வந்தேன்."

டீச்சர் கைதட்டிவிட்டார். ஆணையர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு நாற்காலிக்குள் சரிந்தார். நம்மவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு விஷயத்தைத் தெரியும் என்று சொல்லிவிட்ட பெருமையில், கண் கலங்க, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளம் உருகி ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார். நானாக இருந்தாலும் எதிர்பார்த்திருப்பேன்.

"தெரியுமா?" என்றார் மனைவி மெதுவாக. "தெரிஞ்சுமாங்க என்னைத் தினமும் அங்க மாடியேற விட்டீங்க?"

பழக்கதோஷத்தில் ஆய்வாளரின் கண் ஒரு பிடரியைத் தேடியது. அறையில் இருந்த எல்லோரும் அவரை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நஷ்ட ஈட்டை நகராட்சியும் மெத்தைக்காரரும் ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். ஆய்வாளரைத் தெருவிளக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த அம்மாள் புருஷனை விட்டுவிட்டுப் போய்விடவில்லை. சண்டைகூடப் பெரிதாகப் போடவில்லை. ஆனால் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் ஒரு முறை வீட்டைச் சுற்றி வருகிறார். "என்னம்மா தேடறே?" என்று யாராவது கேட்டால், "பின்வாசல் எங்க இருக்குன்னு பாத்துக்கறேங்க. இவரோட வந்திருக்கேன்ல?" என்கிறார். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆய்வாளரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? நல்லவேளை, நாம் நகராட்சியில் வேலை பார்க்கவில்லை, நமக்கு இந்த வியாதி கிடையாது என்று ஒரு பெருமூச்சும் விட்டிருப்பீர்கள். அதுவும் நியாயம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் ஓர் உடைந்த கட்டில் சாய்த்து வைத்திருக்கிறதே, அது யாருடையது? அதற்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாள் கட்டும், காலி டப்பாவும், ஓடாத சைக்கிளும் எப்போது வந்தன? தினமும் வயிற்றை எக்கிக்கொண்டு, ஒருக்களித்து, குழந்தைகளை "பாத்து வா, பாத்து வா" என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறீர்களே, ஒரு நாளாவது பக்கத்து வீட்டுக்காரரிடம் வாயைத் திறந்தீர்களா? அவரவருக்கு ஆயிரம் வேலை, நான் எங்கே அதையெல்லாம் பார்த்தேன் என்பீர்கள். நேற்றுவரை அப்படிச் சொல்லியிருக்கலாம். முதல் பத்தியோடு மூடி வைத்திருந்தால் இன்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன செய்வது, கடைசி வரிவரை படித்துவிட்டீர்களே!